கழுத்துச் சாட்சி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், நீயும் செய்" என்று யாராவது சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் காரியத்தை என்னைச் செய்யவைக்க யாராலும் முடியாது. என் வீட்டுக்காரர் ஏசுதாசன் இருந்தவரை இதற்காகத் தலையில் அடித்துக்கொள்வார். "ஞானரத்தினம், உனக்கு நாக்குல சனி" என்பார். கிறிஸ்தவ வேதக்காரிக்குச் சனி ஏது என்று நானும் திருப்பிக் கேட்பேன்.

அவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். மலேரியாக் காலத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு குருவிகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களையெல்லாம் சுற்றியவர். வீட்டுச் சுவரில் காவியால் ஒரு கட்டம் போட்டு, வந்துபோன தேதியும் கையெழுத்தும் எழுதிவிட்டு வருவார். எழுபத்தாறாம் வருஷம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவர் போய் வெகுநாள்வரை அந்தக் கிராமத்துச் சுவர்களில் அவர் கையெழுத்து இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து ஒவ்வொன்றாகப் போயிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய சொந்தக்காரப் பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாலியைக் கழற்ற வேண்டுமாம். எங்கள் சபையில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. பலபேர் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், சிலபேர் அப்படியே போட்டிருப்பார்கள். ஐயரிடம் கேட்டேன். பாதிரியாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்லுவோம். வேதத்தில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் இஷ்டம் அம்மா என்றுவிட்டார். ஆனால் அந்தப் பெண்கள் விடவில்லை. எல்லாரும் கழற்றத்தானே செய்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அதோடு தீர்ந்தது. கட்டினவர் வந்து கழற்றட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் உலையை வைத்தேன். வெளியே அது வீம்பு. உள்ளே அவர்மேல் இருந்த ஆசை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி பென்ஷன் கதைக்கு வருகிறேன். எந்த ஆபீஸ் என்று பெயர் சொல்லமாட்டேன், பென்ஷன் ஆபீஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன ஊழியரின் மனைவிக்குக் கொடுக்கும் குடும்ப பென்ஷனில் ஒரு நிபந்தனை உண்டு. அவள் மறுகல்யாணம் செய்துகொண்டால் அன்றோடு அது நின்றுபோகும். அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் போய், இன்னும் உயிரோடு இருக்கிறேன், மறுபடி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். தெரிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். மஸ்டர் என்று இதற்குப் பெயர். வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆண்களிடம் இந்தக் கேள்வி கிடையாது. அவர்கள் பெண்டாட்டி செத்த மறுமாசமே இன்னொருத்தியைக் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, அப்படியே பிரியாணிக் கடைக்கும் போகலாம். சர்க்கார் வாழ்த்தி அனுப்பும்.

முன்பு இருந்த கிளார்க்குக்கு ஏசுதாசனைத் தெரியும். என்னைக் கண்டதும் காகிதத்தை நீட்டுவார், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். எண்பத்தொன்றில் அவர் மாற்றலாகிப் போக, குருநாதன் என்று ஒருவர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கை நீட்டாதவர், நேரத்துக்கு வருகிறவர். ஆனால் தன் கண்ணில் அவருக்கு அபார நம்பிக்கை. விதவைகள் எழுதிக் கொடுப்பதை நம்பமாட்டார், சாட்சியை நம்பமாட்டார், கழுத்தைப் பார்ப்பார். வெறும் கழுத்து என்றால் விதவை. தாலி கிடந்தால் சுமங்கலி. முன்பு வேலை பார்த்த ஊரில் இப்படிக் கழுத்தைப் பார்த்தே இரண்டு பேரைப் பிடித்திருக்கிறேன் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மஸ்டருக்கு முன்னமே இந்தச் செய்தி என் காதுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் யோசனையும் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழற்றி வைத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடப் போகிறது, எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றார்கள். நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

மஸ்டர் நாளன்று காலையில் தாலிச் சங்கிலியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். பயம் இல்லாமல் இல்லை. என் மகள் இன்பம் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் கடைசி வருஷம். ஹாஸ்டலுக்குக் கட்டுவது முழுக்க இந்த பென்ஷனில்தான். இரண்டு மாசம் நின்றால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். அதைத் தெரிந்துகொண்டும் சங்கிலியை உள்ளே மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்று அதன் வழியாக நடந்தேன். அங்கே ஒரு பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய் எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துண்டைத் தோளில் போட்ட ஒரு ஆள் அவள் பையைப் பிடித்துக்கொண்டு சந்தின் இரண்டு முனையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கயிறும் அதில் கோத்த தாலியும் அவள் கையோடு வந்தன. அதைச் சுருட்டிச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிவிட்டுத் திரும்பினாள். ராயகிரிப் பேச்சித்தாய்.

அவளை எனக்கு பென்ஷன் வரிசையில் பழக்கம். அவள் புருஷன் நெடுஞ்சாலைத் துறையில் ரோட்டு வேலை பார்த்தவன். தார் போட்டுக்கொண்டிருந்தபோது லாரி மோதிச் செத்துப்போனான். வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு மடி மொச்சைப்பயறு கொண்டுவருவாள். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். எப்போதும் வெறும் கழுத்தோடுதான் அவளைப் பார்த்திருக்கிறேன்.

"பாத்துட்டியளா அக்கா?" என்றாள்.

"பாக்கலைன்னு சொன்னா நீ நம்பவா போற?"

அவள் அழவில்லை. நேராக நின்று விவரத்தைச் சொன்னாள். அந்த ஆள் வெள்ளத்துரை, செத்தவனுடைய தம்பி. அவர்கள் வழக்கத்தில் அறுத்துக் கட்டுவது, விதவைக்கு மறுபடி தாலி கட்டுவது, உண்டு. இரண்டு பிள்ளைகளோடு தனியாகக் கிடக்கிறாளே என்று பெரியவர்களே பேசி, கோயிலில் வைத்துத் தாலி கட்டவைத்து மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்கிறான். ஆனால் காடு மழையை நம்பியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு இந்த பென்ஷன்தான். அது நின்றுவிடும் என்று பயந்து, இங்கே வரும்போதெல்லாம் இந்தச் சந்தில் வைத்து அவிழ்த்து, திரும்பும்போது இதே சந்தில் கட்டிக்கொண்டு போகிறாள். ஆபீஸ் பக்கத்தில் அவனும் அவளும் ஒருவரை ஒருவர் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்வதில்லையாம். எதிரில் வாகைமரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவன்போல நிற்பானாம்.

"சொல்லிராதிய அக்கா" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இதென்ன ஏட்டி பிழைப்பு என்று அவளை ஏசினேன். சந்தில் நின்று தாலியை அவிழ்க்கிறதும் கட்டுகிறதுமாக ஒரு பெண்ணை ஆட்டிவைக்கிற சட்டத்தின்மேல் வந்த கோபம் அது. கையில் கிடைத்தவள் அவளாக இருந்ததால் அவள்மேல் விழுந்தது. வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் முன்னால் நடந்துவிட்டேன்.

ஆபீஸில் பெண்கள் வரிசை வாசல்வரை நின்றது. எனக்கு முன்னால் மகபூப் பீவி, போலீஸ்காரர் சம்சாரம், வாயில் வெற்றிலை. எனக்குப் பின்னால் சற்று நேரத்தில் பேச்சித்தாய் வந்து நின்றாள்.

என் முறை வந்தது. குருநாதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பில் கழுத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"என்னம்மா இது?"

"தாலி."

"யாரு கட்டுனது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவருதான் செத்துட்டாரே."

"அதுக்கு?"

அதுக்கு என்று ஒரு விதவை திருப்பிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. காது சிவந்துபோயிற்று. செத்தவர் கட்டிய தாலி செத்தவரோடு போகவேண்டும், இருக்கிறவள் கழுத்தில் தாலி இருந்தால் கட்டியவனும் எங்கோ இருக்கிறான் என்று அர்த்தம், இதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டாம் என்றார். நான் சபை வழக்கத்தைச் சொன்னேன். தாலியில் இருக்கிற சிலுவையைக் காட்டினேன். ஒவ்வொரு சாதிக்கும் மதத்துக்கும் ஒரு வழக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா, என் சர்வீஸில் தாலியோடு வந்த ஒரு விதவையைக்கூட நான் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். என் காகிதத்தை ஒதுக்கி வைத்து, பென்ஷனை நிறுத்தி மேலே எழுதப்போவதாகவும் சொன்னார்.

அவர் பார்த்திருக்கமாட்டார்தான். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரே ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பின்னால் நிற்கிற வெறும் கழுத்தைப் பற்றிய வாக்கியம். அதைச் சொன்னால் குருநாதனின் கண் அந்த இடத்திலேயே பொய்த்துப்போகும், என் காகிதம் உடனே கையெழுத்தாகும், இன்பம் ஹாஸ்டலில் இருப்பாள். பேச்சித்தாயின் மூச்சு என் முதுகில் பட்டது. வேதத்தில் படித்த எல்லாவற்றையும்விட, அந்த நேரத்தில் அவள் கொண்டுவரும் மொச்சைப்பயறுதான் என் வாயை அடைத்தது. இன்னொருத்தியின் சோற்றைத் தட்டிவிட்டு என் மகள் சாப்பிட வேண்டாம்.

அதற்குப் பதிலாகக் குரலை உயர்த்தினேன். எனக்கு அது நன்றாக வரும். உள்ளறையில் இருந்து ஆபீசர் கோமதிநாயகம் எழுந்து வந்தார். நெற்றி நிறைய விபூதி, சண்டை என்றால் ஆகாத முகம். இரண்டு தரப்பையும் கேட்டார். பிறகு என்னை ஓரமாக அழைத்து, ரகசியம் சொல்லுகிற குரலில், அந்தப் பக்கம் போய்க் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாங்கம்மா, நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்றார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று அவரும் சொன்னார். பாவம், நல்ல மனிதர். தெரியாமல் சொல்லிவிட்டார்.

"சார், கழட்டினா நான் விதவை, மாட்டினா சுமங்கலி. அப்ப அவரு செத்ததும் இருக்கதும் இந்தக் கொக்கியிலயா இருக்கு? என் கழுத்து பொய் சொல்லாது சார். பொய் சொல்லுததுக்காக நான் இதக் கழட்டவும் மாட்டேன்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விடாமல் மேலே சொன்னேன். எங்கள் சபையில் திருட்டுக் கல்யாணம் என்று ஒன்று நடக்க வழியே கிடையாது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாருக்கும் முன்னால் ஐயர் ஓலை வாசிக்கவேண்டும். எனக்கு அப்படி ஒரு ஓலை வாசித்தார்களா என்று எந்தச் சபையாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்திருந்தால் உங்கள் ஆபீஸுக்குக் கேட்கிற அளவுக்கு ஊர் சிரித்திருக்கும் என்றேன்.

"வாசிச்சிருந்தா அந்த மாப்பிள்ளைக்குக் கை காலு ஒடிஞ்சு, அவனுக்கும் நீங்க ஒரு பென்ஷன் எழுத வேண்டியிருந்திருக்கும்" என்றாள் மகபூப் பீவி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

கோமதிநாயகம் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒரு அதிகாரி கண்டிப்பாக இருப்பது கஷ்டம். விதியில் உறுதிமொழியும் இரண்டு சாட்சியும்தான் சொல்லியிருக்கிறது, கழுத்து என்று எங்கேயும் இல்லையே என்று குருநாதனைப் பார்த்துச் சொன்னார். இந்த அம்மாளைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் வாங்கிக்கொள்ளும் என்றார். குருநாதனுக்குப் பிடிக்கவில்லை. பொய்ச்சாட்சி என்று பின்னால் தெரிந்தால் சாட்சி போட்டவர்கள் பென்ஷனுக்கும் ஆபத்து என்று வரிசையைப் பார்த்து ஒரு வேட்டு வைத்தார்.

மகபூப் பீவி முதலில் போட்டாள். அடுத்த கையெழுத்துக்கு யாரும் அசையவில்லை. ஆபத்து என்ற சொல்லைக் கேட்டபின் எவள் வருவாள்? நான் இன்பத்தை நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பேனாவை வாங்கியது. பேச்சித்தாய் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள். கொஞ்சம் முன்னால் நான் சந்தில் வைத்து ஏசியவள். மாட்டிக்கொள்ளப் பயந்து ஆபீஸில் யார் கண்ணையும் பாராதவள், எல்லார் கண்ணும் தன்மேல் பட எனக்காக முன்னால் வந்தாள்.

என் காகிதத்தில் முத்திரை விழுந்தது. நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அடுத்தது அவள் முறை. குருநாதன் அவள் கழுத்தைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. "பாருங்கம்மா, இது கழுத்து" என்று என்னிடம் காட்டினார். "ஒரு கேள்வி கேக்க வேண்டியிருக்கா?" மகபூப் பீவி சாட்சி போட்டுவிட்டு நகர்ந்தாள். இரண்டாவது கையெழுத்துக்குக் குருநாதன் பேனாவை என் பக்கம் நீட்டினார். "உங்களுக்கு அது போட்டுச்சில்லா. நீங்களும் போடுங்க."

பேனாவை வாங்கிவிட்டேன். காகிதத்தில், மேற்படியாள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதை நான் நேரில் அறிவேன் என்று இருந்தது. நான் நேரில் அறிந்தது வேறு. பொய் சொல்லமாட்டேன் என்று ஆபீஸ் அதிர முழங்கிய வாயின் ஈரம்கூடக் காயவில்லை. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கட்டளை இருக்கிறது. பிறனுக்கு ஆதரவாகப் பொய்ச்சாட்சி சொல்லலாமா என்று ஐயரிடம் நான் கேட்டதில்லை. போட்டால் கர்த்தருக்கு முன் குற்றவாளி. போடாவிட்டால் ஏன் என்று குருநாதன் கேட்பார், அவள் அந்த நிமிஷமே மாட்டுவாள். பேச்சித்தாய் என்னைக் கெஞ்சவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கோமதிநாயகத்திடம் திரும்பினேன்.

"சார், கையெழுத்துப் போடுததுக்கு முந்தி ஒரு சந்தேகம். எங்க சபையில ஒரு பிள்ளை இருக்கா. கவர்மெண்டு வேலை பாத்த புருஷன் போயிட்டான், கையில ரெண்டு குழந்தைய. அவ நாளைக்கு ஒருத்தனக் கட்டிக்கிட்டா அந்த பென்ஷன் எங்க போகும்? சர்க்காரே வச்சுக்கிடுமா?"

எங்கள் சபையில் அப்படி ஒரு பிள்ளை கிடையாது. பொய்யே சொல்லமாட்டேன் என்றவள் கூசாமல் ஒருத்தியைப் பெற்று, கல்யாணம் பண்ணிக்கொடுத்து, அறுக்கவும் வைத்துவிட்டேன்.

"சர்க்கார் எப்படிம்மா வச்சுக்கிடும்?" என்றார் அவர். "பொண்டாட்டிக்கு நின்னா மைனர் பிள்ளையளுக்குப் போகும். தாய்தான கார்டியன்? அவளே வந்து வாங்கிக்கிட வேண்டியதுதான். பேரு மட்டுந்தான் மாறும்."

குருநாதனைப் பார்த்து, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். யாரும் கேக்கலியே" என்றார்.

கேட்கவேண்டுமாம். எவள் கேட்பாள்? இரண்டாம் கல்யாணம் என்று வாயைத் திறந்த உடனே கழுத்தைப் பார்க்கிற ஆளிடம் போய் எந்தப் பெண் கேட்பாள்? இந்தப் பதில் இத்தனை நாளும் இந்த ஆபீஸுக்குள் சும்மா கிடந்திருக்கிறது. அதற்காக ஒருத்தி மூன்று வருஷமாகச் சந்தில் நின்று தாலியை அவிழ்த்திருக்கிறாள். எனக்கு அவரை அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்கவேண்டும்போல இருந்தது. அதற்குள் பேச்சித்தாய் தலையை நிமிர்த்திவிட்டாள்.

"எத்தன வயசு மட்டும் குடுப்பாவ சார்?"

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் சபைப் பிள்ளை எந்த ஊர்க்காரி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளின் வயசைக் கேட்டார். மூத்தவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு என்றாள். இன்னும் ரொம்ப வருஷம் வாங்கலாம் என்றார். இதுவரை வாங்கியதற்குப் போலீஸ் வருமா என்று அவள் கேட்டபோது குரல் நடுங்கியது. ஆனால் கேட்டாள். வாங்கியது எங்கே போயிற்று என்று அவர் கேட்டார். பள்ளிக்கூடத்துக்கும் அதுகள் வயிற்றுக்கும்தான் என்றாள்.

"அப்ப அது பிள்ளையளோட பணந்தான். மேல எழுதும்போது அப்படித்தான் எழுதுவேன். நீயா வந்து சொன்னதுனால இப்படி. நாங்களா கண்டுபிடிச்சிருந்தா வேற மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்" என்றார். உத்தரவு வர இரண்டு மூன்று மாசம் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ளவேண்டும் என்றார். பிறகு, கட்டிக்கொண்டவரும் ஒரு கையெழுத்துப் போடவேண்டும், ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

பேச்சித்தாய் வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வெள்ளத்துரை எதிரே வாகைமரத்தடியில் வேறு யாரோபோல ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"இந்தாருங்க, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர்களுக்குள் பேச்சு அதுதானே. மறுபடியும் கூப்பிட்டாள், இந்தத் தடவை ரோட்டுக்கே கேட்கும்படி. சைக்கிள் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ஏதோ விபரீதம் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். முகம் வெளிறிப்போய், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"நீரு யாருவே?" என்று கோமதிநாயகம் கேட்டார்.

"நான் யாருமில்ல சார்" என்றான் வெள்ளத்துரை. "ராயகிரி பஸ்ஸுக்கு நிக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சித்தாய் அவன் கையைப் பிடித்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே இழுத்தாள். "எங்க வீட்டுக்காரரு, சார்" என்றாள். பேர் என்ன என்று குருநாதன் கேட்டார். வெள்ளத்துரை திரும்பி வாசலைப் பார்த்தான். அவள் ஊர்ப் பக்கத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லுகிற பெண் கிடையாது, செத்தாலும் சொல்லமாட்டாள்.

"வெள்ளத்துரை" என்றாள் பேச்சித்தாய். குருநாதன் எழுதி முடிக்கிறவரை பிடித்த கையை விடாமல் நின்றாள்.